நமக்குப் பின் நம் குடும்பம்

மரணத்தைப் பற்றி வீட்டில் யாராவது வாய்திறந்தால், "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது?" என்று அடக்கிவிடுவது நம் வழக்கம். பிள்ளைக்குப் பெயர் வைக்க நாள் பார்க்கிறோம். கல்யாணத்துக்கு ஓராண்டு முன்பே மண்டபம் பதிவு செய்கிறோம். ஆனால் நமக்குப் பின் குடும்பம் எப்படி நடக்கும் என்று கேட்டால், "ஆண்டவன் பார்த்துக்கொள்வான்" என்று சொல்லி எழுந்துவிடுகிறோம். ஆண்டவன் பார்த்துக்கொள்வான் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவன் நம்மிடம் ஒப்படைத்த கடமையை அவன் தலையிலேயே திருப்பி வைப்பது பக்தியாகுமா?

இந்தக் கட்டுரையில் இரண்டு கேள்விகளை அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறேன். ஒன்று, ஒருவர் தாம் விட்டுச்செல்வதைப் பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரிப்பது தர்மமா, அவரவர் நிலையைப் பார்த்துப் பிரிப்பது தர்மமா? இரண்டு, அப்படிப் பிரிப்பதை உயிரோடிருக்கும்போதே சொல்லிவிட வேண்டுமா, இல்லை உறைக்குள் வைத்துவிட்டுப் போகலாமா? வெறும் தத்துவமாகப் பேசுவதைவிட, நம்மிடையே வாழ்ந்து மறைந்த ஒரு பெரியவர் செய்ததைச் சொல்லிச் சிந்திப்பது பயன்தரும். அவர் குடும்பத்தாரின் சம்மதத்தோடு, பெயர் குறிப்பிடாமல் எழுதுகிறேன்.

அவர் 1943இல் தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். சிறுவயதில் தகப்பனாரோடு சிங்கப்பூர் வந்து, 1961இல் செம்பவாங் கடற்படைத் தளத்தில் கப்பல் தச்சு வேலை பழகச் சேர்ந்தார். அந்தத் தளம் எவ்வளவு பெரியது என்பது இன்றைய இளையர்களுக்குத் தெரியாதிருக்கலாம். 1938 பிப்ரவரி 14ஆம் தேதி திறக்கப்பட்ட ஆறாம் ஜார்ஜ் மன்னர் உலர்துறை 300 மீட்டருக்கும் அதிக நீளம் கொண்டது. திறக்கப்பட்ட காலத்தில் உலகின் மிகப் பெரிய உலர்துறைகளுள் ஒன்று. தமிழரும் மலையாளிகளும் தெலுங்கரும் ஆயிரக்கணக்கில் அந்தத் தளத்தில் உழைத்தார்கள். தளத்தை ஒட்டிய கான்பெரா சாலைப் பகுதியில் முருகனுக்குக் கோயில் எழுந்ததும், பின்னாளில் அது ஈசூனுக்கு இடம் மாறியதும், பங்குனி உத்திரக் காவடி இன்றும் தொடர்வதும் அந்த உழைப்பாளிகளின் பக்தியால்தான்.

1968 ஜனவரியில் பிரிட்டிஷ் அரசாங்கம் 1971க்குள் தன் படைகளை விலக்கிக்கொள்ளப்போவதாக அறிவித்தது. "நாளைக்குச் சம்பளம் வருமா?" என்று தளத்தின் வாசலில் நின்ற ஆயிரக்கணக்கானோரில் இவரும் ஒருவர். அதே ஆண்டு அந்தக் கப்பல் துறை செம்பவாங் கப்பல் பட்டறையாக மாறியதால் வேலை நிலைத்தது. ஆயினும் அந்தச் சில மாத அச்சம் அவரைவிட்டுப் போகவே இல்லை. "நான் நின்னுட்டா வீடும் நின்னுடக் கூடாது" என்று அடிக்கடி சொல்வார். 2005இல், 62 வயதில் ஓய்வு பெற்றார். 2022இல் காலமானார்.

அவர் பெரிய பணக்காரரல்லர். ஈசூனில் ஓர் அடுக்குமாடி வீடு, மத்திய சேமநிதியில் மிச்சமிருந்த தொகை, வங்கியில் ஒரு நிரந்தர வைப்பு, ஊரில் பூர்வீக நிலத்தில் ஒரு பங்கு, ஒரு பெட்டி நிறைய உளி, வாய்ச்சி, இழைப்புளி. அவ்வளவுதான். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். மூத்தவர் தேசிய சேவை முடித்ததும் மேற்படிப்பை விட்டுவிட்டு அப்பாவோடு பட்டறைக்கே வேலைக்குப் போனார். அவர் சம்பளத்தில்தான் தம்பியின் பல்கலைக்கழகக் கட்டணம் கட்டப்பட்டது. அந்தத் தம்பி இன்று ஆஸ்திரேலியாவில் நல்ல பதவியில் இருக்கிறார். கடைசி மகள் திருமணம் செய்துகொள்ளவில்லை. தாய்க்கு நடமாட்டம் குறைந்தபோது, முழுநேர வேலையைப் பகுதிநேரமாக்கிக்கொண்டு வீட்டோடு இருந்து பார்த்துவருகிறார்.

முதலில் வீட்டின் கதை. "மூத்தவன் பேருக்கு இப்பவே மாத்திடுங்கண்ணே, பின்னாடி தொல்லை இருக்காது" என்று நண்பர்கள் பலர் அவருக்கு யோசனை சொன்னார்கள். அவர் இணங்கவில்லை. வீடு கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டு உரிமையாகவே இருந்தது. அத்தகைய கூட்டு உரிமையில் ஒருவர் மறைந்தால் வீடு முழுவதும் மற்றவருக்குச் சேரும். உயிலில் வேறுவிதமாக எழுதியிருந்தாலும் அது செல்லாது. அவர் விரும்பியதும் அதுவே. "அவ பிள்ளை வீட்டுக்கு விருந்தாளியாப் போகக் கூடாது. பிள்ளைங்கதான் அவ வீட்டுக்கு விருந்தாளியா வரணும்" என்றார். அன்றாடச் செலவுக்கான வங்கிக் கணக்கையும் இருவர் பெயரில் வைத்திருந்தார். ஒருவர் பெயரில் மட்டும் உள்ள கணக்கு அவர் இறந்ததும் முடக்கப்படும். ஈமச் சடங்குக்குக்கூட மனைவி பிறரிடம் கைநீட்டும் நிலை வரும். காலமெல்லாம் சமையலறைச் செலவுக்குக் கணக்குக் கேட்காத மனைவியை, கணவர் மறைந்த பிறகு பிள்ளைகளிடம் கணக்குச் சொல்ல வைப்பது எந்த வகையில் நியாயம்?

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. வீடு முழுவதும் மனைவிக்குப் போய்விட்டால், அவருக்குப் பிறகு அது யாருக்கு என்பதை அவரே முடிவு செய்வார். கணவர் கட்டளையிட முடியாது. "நான் சம்பாதித்ததை யாருக்கு என்று அவள் முடிவு செய்வதா?" என்று கேட்கும் ஆண்கள் நம்மிடையே இல்லாமலில்லை. நம் பெரியவர் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. ஐம்பது ஆண்டு குடும்பம் நடத்தியவளை நம்பாமல் ஒரு காகிதத்தை நம்புவதா என்பது அவர் எண்ணம். இறந்த பிறகும் பிடியை விடாதிருப்பதைப் பாசம் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். பல வேளைகளில் அது பயம்தான்.

அடுத்து ஊர் நிலம். அதில் அவருக்குச் சட்டப்படி பங்கு இருந்தது. ஆனால் அந்த நிலத்தை உழுதவரும், பெற்றோரைக் கடைசிவரை வைத்துப் பார்த்தவரும் ஊரிலிருந்த தம்பி. "நான் மாசாமாசம் பணம் அனுப்பினேன், அவன் மாசாமாசம் அம்மாவைக் குளிப்பாட்டினான். எது பெரிசு?" என்று கேட்டார். தாம் உயிரோடிருக்கும்போதே ஊருக்குப் போய்த் தம்பி பெயருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துகொடுத்தார். கூடவே ஒன்றையும் வற்புறுத்தினார். தம்பி தங்கைகளையும் உட்காரவைத்துப் பேசி, அவர்களுடைய பங்கைத் தீர்க்க வேண்டும். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு நிகரான உரிமை உண்டு என்பதைத் தமிழ்நாடு 1989இல் திருமணமாகாத பெண்களுக்கு வழங்கியது. 2005ஆம் ஆண்டின் இந்திய அளவிலான திருத்தம் அதைத் திருமணமான பெண்களுக்கும் விரித்தது. "சீர் கொடுத்தாச்சே" என்று சொல்லித் தங்கையின் உரிமையை விழுங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி சிக்கலான பகுதிக்கு வருவோம். சேமநிதியில் மிச்சமிருந்ததையும் வைப்புத் தொகையையும் அவர் சமமாகப் பிரிக்கவில்லை. மகளுக்குப் பாதி. மூத்த மகனுக்குப் பத்தில் மூன்று பங்கு. இளைய மகனுக்குப் பத்தில் இரண்டு. இதை எழுதிப் பெட்டியில் பூட்டவும் இல்லை. ஒரு தீபாவளி விடுமுறைக்கு எல்லோரும் கூடியிருந்தபோது, சாப்பாடு முடிந்ததும் அனைவரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

இளையவருக்கு முகம் சுருங்கியது. "அன்பையும் தராசுல போட்டுட்டீங்களாப்பா?" என்று கேட்டார். "அன்பைப் போடல தம்பி, பாரத்தைப் போட்டேன்" என்றார் அப்பா. பிறகு தம் தொழிலிலிருந்தே ஓர் உதாரணம் சொன்னார். கப்பல் உலர்துறைக்குள் வருமுன்பே தரையில் கட்டைகளை வரிசையாக அடுக்கிவைக்க வேண்டும். கப்பல் உள்ளே வந்ததும் வாயிலை மூடித் தண்ணீரை இறைப்பார்கள். தண்ணீர் வடிய வடியக் கப்பல் அந்தக் கட்டைகள்மேல் மெல்ல உட்காரும். அதுவரை தண்ணீர் தாங்கிய பாரத்தை இனிக் கட்டைகள் தாங்க வேண்டும். எந்த இடத்தில் எத்தனை கட்டை என்பதற்கு வரைபடம் உண்டு. இயந்திர அறை போன்ற பாரம் மிகுந்த இடத்துக்குக் கூடுதல் தாங்கல் வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வைத்தால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கப்பலின் அடிப்பாகம் நசுங்கும். தண்ணீர் வடிந்த பிறகு கட்டையை மாற்றுவதும் எளிதல்ல. "நான்தான் இப்ப தண்ணி. நான் வடிஞ்சா யார்மேல பாரம் விழும்னு பார்த்துத்தான் கட்டை வெச்சிருக்கேன்" என்றார்.

மூத்த மகனுக்கு வேறுவிதமான சங்கடம். தம்பியின் படிப்புக்குத் தாம் கொடுத்ததற்கு இது கூலியாகிவிடுமோ என்று கூசினார். "நான் கடனாக் கொடுக்கலையேப்பா" என்றார். "நீ கடனாக் கொடுக்கல. நான் கடனாத்தான் வாங்கினேன்" என்றார் அப்பா.

இளையவர் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. விமானம் ஏறுவதற்கு முன், "எனக்கு இது பிடிக்கலப்பா. ஆனா புரியுது" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆறேழு ஆண்டுகள் கழித்து அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்தபோது, பல வீடுகளில் அன்றுதான் தொடங்கும் பங்குப் பேச்சு அந்த வீட்டில் எழவே இல்லை. எல்லாருக்கும் எல்லாம் முன்பே தெரிந்திருந்தது. கோபப்பட வேண்டியவர் அப்பா உயிரோடிருந்தபோதே அவரிடமே கோபப்பட்டு, பதிலும் வாங்கிவிட்டார்.

அவர் செய்தது சரியா? சமமாகப் பிரிப்பதே நல்லது என்று வாதிடுவோரின் பேச்சில் உண்மை இருக்கிறது. பணத்தின் அளவை அன்பின் அளவாகப் படிப்பது மனித இயல்பு. குறைவாகப் பெற்ற பிள்ளை, "அப்பாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை" என்ற எண்ணத்தைக் கடைசிவரை சுமக்கக்கூடும். மேலும், இன்று வசதியாக இருக்கும் பிள்ளை நாளை வேலையிழக்கலாம். எதிர்காலத்தை யார் கண்டது? பெற்றோரின் பார்வையிலும் பாரபட்சம் இருக்கலாம். பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் குறையும் தூரத்தில் இருக்கும் பிள்ளையின் நிறைவும் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். சமபங்கு என்பது இந்தத் தவறுகளிலிருந்தெல்லாம் நம்மைக் காக்கும் ஒரு வேலி.

மறுபக்கமும் உண்டு. சமபங்கு, நடந்த வாழ்க்கையைக் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை. பெற்றோரைக் கழிவறைக்குத் தாங்கிச் சென்ற கையையும், ஆண்டுக்கொரு முறை பழக்கூடையோடு வந்த கையையும் ஒன்றாகவே எண்ணும். உயில் இல்லாவிட்டால் நம் சட்டம் செய்வது அதுதான். மனைவியும் பிள்ளைகளும் இருந்தால் பாதி மனைவிக்கு, மறுபாதி பிள்ளைகளுக்குச் சமமாக. நம் பெரியவர் எழுதி வைக்காமல் போயிருந்தால், தாயைப் பார்க்கும் அந்த மகளுக்கு அந்தத் தொகையில் ஆறில் ஒரு பங்குதான் கிடைத்திருக்கும். வேலையைக் குறைத்துக்கொண்டதால் அவருடைய சொந்தச் சேமநிதியில் சேராமல் போன பணத்தை யார் ஈடுகட்டுவது? சட்டம் யாரையும் அறியாது. அதனால் அது சமமாகத்தான் பிரிக்க முடியும். தகப்பன் அறிவான். அறிந்தும் அறியாதவன்போல் பிரிப்பதை நடுநிலைமை என்று சொல்ல முடியுமா?

இரண்டையும் எடைபோட்டுப் பார்த்தால், அந்தப் பெரியவரின் செயலிலிருந்து ஒரு விதி கிடைப்பதாக எனக்குத் தோன்றுகிறது. முகத்துக்கு நேரே சொல்ல முடியாத காரணத்தை உயிலில் எழுதக் கூடாது. ஒரு பிள்ளைக்குக் குறைத்துக் கொடுக்க நினைத்தால், அந்தப் பிள்ளையை எதிரில் உட்காரவைத்து, மற்றவர்கள் கேட்க, காரணத்தைச் சொல்லிப் பாருங்கள். சொல்ல வாய் வந்தால், அந்தக் காரணம் பெரும்பாலும் நியாயமானதாக இருக்கும். வாய் வராவிட்டால், காரணம் நியாயத்தில் இல்லை, பழைய கோபத்திலோ, மருமகள்மீதான மனத்தாங்கலிலோ, வேறு சாதியில் கட்டிக்கொண்டான் என்ற வீம்பிலோ இருக்கிறது என்று பொருள். அப்போது சமமாகப் பிரித்துவிட்டுப் போவதே உத்தமம். உயில் என்பது பதில் சொல்ல இடமில்லாத பேச்சு. வாழ்நாளில் சொல்லத் துணியாததை அங்கே சொல்வது, கதவைத் தட்டிவிட்டு ஓடுவதைப் போன்றது.

நல்ல எண்ணம் மட்டும் போதாது, அது செல்லுபடியாக வேண்டும். சிங்கப்பூரில் வாழும் நாம் மறந்துவிடும் சில செய்திகளைச் சுருக்கமாகத் தருகிறேன்.

1. 1955இல் தொடங்கப்பட்ட மத்திய சேமநிதிப் பணம் உயிலுக்குக் கட்டுப்படாது. அதற்குத் தனியாக நியமனம் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் பணம் பொது அறங்காவலர் அலுவலகத்துக்குப் போய், சட்டம் வகுத்த பங்குப்படி பிரிக்கப்படும். இன்று நியமனத்தை இணையத்திலேயே செய்யலாம்.

2. திருமணம் செய்துகொண்டால் அதற்கு முன் செய்த சேமநிதி நியமனம் ரத்தாகும். மணவிலக்கு ஆனால் ரத்தாகாது. மணவிலக்குப் பெற்று மீண்டும் மணம் செய்யாதவர்கள் பழைய நியமனத்தை ஒரு முறை எடுத்துப் பார்ப்பது நல்லது.

3. உயில் எழுத 21 வயது நிறைந்திருக்க வேண்டும். இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் உடனிருந்து கையெழுத்திட வேண்டும். சாட்சியாக இருப்பவருக்கோ, அவருடைய கணவர் அல்லது மனைவிக்கோ உயிலில் எழுதப்பட்டது செல்லாது. "நம்ம மாப்பிள்ளையே சாட்சிக் கையெழுத்துப் போடட்டும்" என்று சொல்லி மகளின் பங்கை இழக்கச் செய்துவிடாதீர்கள்.

4. மனைவியும் பிள்ளைகளும் உள்ள ஒருவர் உயிலின்றி இறந்தால், உயிரோடிருக்கும் பெற்றோருக்குச் சட்டப்படி பங்கில்லை. வயதான தாயைத் தாங்கிவரும் மகன்கள் இதை அவசியம் நினைவில் கொள்ள வேண்டும்.

5. ஊரில் உள்ள நிலம், வீட்டுக்கு இந்தியச் சட்டமே பொருந்தும். அதற்கு அங்குள்ள வழக்கறிஞரைக் கேட்டுத் தனியாக ஏற்பாடு செய்யுங்கள்.

ஒவ்வொரு குடும்பத்தின் நிலைமையும் வேறு. தகுந்த சட்ட ஆலோசனை பெற்றே எதையும் முடிவு செய்யுங்கள்.

கருவிப் பெட்டியைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அது உயிலில் இல்லை. ஓய்வு பெற்ற பின் கோயிலில் காவடிச் சட்டங்களைச் செப்பனிட்டுக் கொடுத்துவந்த அவர், கைநடுக்கம் வந்ததும் அந்தப் பெட்டியை மூத்த மகனிடம் கொடுத்துவிட்டார். உளிகளை எப்படித் தீட்டுவது, எண்ணெய் தடவி எப்படி வைப்பது என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்டியும் கொடுத்தார்.

முன்னோருக்கு ஆண்டுதோறும் திதி கொடுக்கிறோம். அவர்கள் பசியாற வேண்டும் என்று எள்ளும் நீரும் இறைக்கிறோம். பின்னால் வருவோர் பசியாறவும் நாம் ஏதேனும் செய்துவிட்டுப் போக வேண்டாமா? அதற்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை. மனைவிக்குத் தலைநிமிர்ந்து வாழ ஓர் இடம், பாரம் சுமப்பவருக்குக் கூடுதலாக ஒரு தாங்கல், எல்லாரும் கேட்க வாய்திறந்து சொல்லும் நேர்மை, இவை போதும். அடுத்த முறை குடும்பம் முழுதும் ஒன்றாகச் சாப்பிட உட்காரும் நாளில் இந்தப் பேச்சைத் தொடங்குங்கள். வீட்டுப் பெண்மணிகளையும் சேர்த்துக்கொண்டு பேசுங்கள். அது அமங்கலம் ஆகாது.

எல்லாம் வல்ல முருகப்பெருமான் நம் குடும்பங்களை ஒற்றுமையோடு காத்தருள்வானாக.